நம்பும்படியான எண்

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது. குளிரூட்டும் சுருளின் மேல் காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் நின்று, ஹீட்டர் ஓடி, பனியை உருக்கி வடியவிடும். உருகிவிட்டதா என்று சொல்வது சுருளில் மாட்டியிருக்கும் ஒரு சின்ன சென்சார்.

இந்தச் சித்திரையில் எங்கள் ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி அப்படியே இருந்தது. கீழே பால் திரிந்தது. பால் போனால் போகட்டும். அப்பாவின் இன்சுலின் அங்கேதான் இருந்தது. பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். தெர்மாமீட்டர் 17 காட்டியது. குப்பிகளைப் பக்கத்து வீட்டு அண்ணன் ஃப்ரிட்ஜுக்கு மாற்றினேன்.

போனில் கேட்ட மெக்கானிக், "கேஸ் போயிருக்குங்க" என்றார். கேஸ் போயிருந்தால் மேலே எப்படி ஐஸ் நிற்கும்?

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீஸரின் பின்பலகையைக் கழற்றினேன். சுருள் தெரியாத அளவுக்குப் பனிச்சுவர். காற்று கீழே இறங்க வழியே இல்லை. பனி கூடிக் குளிர் குறைந்திருக்கிறது.

மல்டிமீட்டரில் ஹீட்டர் சரி, ஃப்யூஸ் சரி. சென்சாரை ஐஸ் தண்ணீரில் போட்டேன். எங்கள் மாடலில் அது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்ட வேண்டும். குளிரக் குளிர ரெசிஸ்டன்ஸ் ஏறும். பூஜ்யத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகணும். எங்களுடையது 6லேயே நின்றது. போர்டுக்கு அதன் அர்த்தம் 37 டிகிரி. பனிக்குள் புதைந்திருந்துகொண்டு திருப்பூர் வெயிலைச் சொல்லியிருக்கிறது. ஹீட்டர் போட்ட உடனே 'உருகிடுச்சு' என்று போர்டு அணைத்துவிடும். புரோகிராமில் தப்பில்லை, இன்புட்தான் தப்பு.

ஒயர் அறுந்திருந்தால் போர்டு எர்ரர் காட்டியிருக்கும். இது நம்பும்படியான எண்ணைச் சொன்னதால் போர்டு மறுபேச்சு பேசவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் டையிங்கில் எலக்ட்ரீஷியன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "செத்த சென்சார் பரவால்ல தம்பி, மிஷினு நின்னுக்கும். பொய் சொல்றதுதான் ஆபத்து. அறுபதுன்னு காட்டும், உள்ளே அம்பதுதான் இருக்கும். லாட்டு முழுக்க ஷேடு மாறி வந்த பொறவுதான் தெரியும்."

அதே நம்பர் சென்சார் வாங்கி மாட்டினேன். மறுநாள் கீழ்த்தட்டு 5 டிகிரி. குப்பிகளைத் திருப்பி வைக்கும்போது, சுகர் எவ்வளவு என்று அப்பாவைக் கேட்டேன்.

"நூத்தி நாப்பது இருக்கும் சாமி."

எப்போது கேட்டாலும் இதே எண்தான். குளுக்கோமீட்டரை எடுத்து மெமரியைப் பார்த்தேன். கடைசியாக டெஸ்ட் பண்ணி 19 நாள் ஆகியிருந்தது.