கென்ட் வட்டாரத்துக் கசப்புக் கொடி

பீர் குடிக்காதவர்களுக்கும் அது கசக்கும் என்பது தெரியும். அந்தக் கசப்பு ஹாப் என்னும் கொடியில் காய்க்கும் பச்சைக் கூம்புகளிலிருந்து வருகிறது. அந்தக் கொடியைப் பார்க்க, இங்கிலாந்தின் தென்கிழக்கே உள்ள கென்ட் வட்டாரத்துக்கு வாருங்கள்.

லண்டனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஃபேவர்ஷாம் பட்டணம். சுற்றுப்புறமெங்கும் ஆப்பிள் தோப்புகள், இடையிடையே ஹாப் தோட்டங்கள். உயரமான கம்பங்களில் கம்பி இழுத்து, அதிலிருந்து தேங்காய் நார்க் கயிறு கட்டியிருப்பார்கள். தென்னையே வளராத ஊரில் தேங்காய் நார்! முன்னாளில் பொய்க்காலில் நடந்தபடியே கட்டினார்கள். கொடி அதைப் பற்றிக்கொண்டு 5 மீட்டர் வரை ஏறிவிடும். செப்டம்பரில் அறுவடை. காயை உலர்த்தக் கட்டிய, வெள்ளைக் குல்லாய் போட்ட வட்டக் கோபுரங்களில் பல இன்று வசதி படைத்தோரின் வீடுகள்.

இனிச் சொல்வது உங்களுக்குப் புதிதாய் இராது. 1960-களில் இயந்திரம் வந்து முடித்துவைக்கும் வரை, கிழக்கு லண்டன் ஏழைத் தாய்மார்கள் பிள்ளை குட்டிகளோடு தனி ரயிலில் வந்து காய் பறித்தார்கள். வரிசைக் குடிசையில் குடும்பத்துக்கு ஓர் அறை, படுக்க வைக்கோல். பறித்ததைச் சாக்குத் தொட்டியில் போட வேண்டும். அளவுக்காரர் கூடையால் அள்ளி எண்ணுவார். ஹாப்போ பஞ்சு போல் லேசு. அவர் கொஞ்சம் அமுக்கினால் போதும், கூடை நிறையவே நிறையாது! அதனால் அவர் வருமுன் பெண்கள் தொட்டிக்குள் கைவிட்டுக் காயைக் கிளறி உப்ப வைப்பார்கள். பால் எடை போடுமிடத்தில் நின்றவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். ஒரு ஷில்லிங்குக்கு எத்தனை கூடை என்ற தகராறில் வேலைநிறுத்தங்களும் நடந்தன. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1931-இல் தாமே ஹாப் பறித்துவிட்டு, அந்தக் கூலியின் அற்பத்தை எழுதினார். ஆனாலும் புகை மூடிய சந்துகளிலிருந்து வந்த அந்தப் பெண்களில் பலர், அதையே தங்கள் விடுமுறை என்று பின்னாளில் சொன்னார்கள்.

ஃபேவர்ஷாமின் ஷெப்பர்ட் நீம் ஆலை 1698 முதல் நடப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. வட்டாரமெங்கும் சிறு ஆலைகளும் உண்டு. அறுவடைக் காலத்தில், உலர்த்தாத பச்சைக் காயைப் பறித்த சூட்டோடு போட்டுக் காய்ச்சுவார்கள். வாசனையை மட்டும் பிடித்துவிட்டு வரலாம். கள்ளுக்கடைகள் நம் குடும்பங்களைப் படுத்திய பாட்டை அறிந்த நான் யாரையும் குடிக்கச் சொல்லமாட்டேன்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் மேற்கே ஹேட்லோ கிராமத்துக்குப் போங்கள். தேவாலய முற்றத்தில், ஹாப் உலர்த்தும் கோபுர வடிவில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. 1853 அக்டோபரில், வேலை முடிந்து திரும்பியவர்களின் குதிரை வண்டி ஹார்ட்லேக் மரப்பாலத்தின் பக்கச் சட்டத்தை உடைத்துக்கொண்டு, பெருக்கெடுத்த மெட்வே ஆற்றில் விழுந்தது. 30 பேர் மாண்டார்கள். ஒரே குடும்பத்தில் பலர் போனதும் உண்டு.