ஊடும் பாவுமாய் ஒரு முகம்

நான் மேல்நிலை முதலாண்டு படித்தபோது, ஓவிய ஆசிரியர் தொட்டெழுதும் பேனா ஒன்றையும் கறுப்பு மைப்புட்டியையும் என்னிடம் தந்தார். "வீட்டில் ஒருவரின் தலையை வரைந்து வா, அழிப்பானைத் தொடாதே" என்றார். நான் அப்பாவைத் தேர்ந்தேன். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளரான அவர், நாள் முழுதும் சன்னலோரத் தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்திருப்பார். வரைபவனுக்கு அதைவிட என்ன வசதி வேண்டும்?

மைக்குக் கருமை ஒன்றே நிறம். சாம்பல் நிறம் தோன்ற வேண்டுமாயின் கோடுகளை இடைவெளிவிட்டு இழுக்க வேண்டும். இன்னும் இருள வேண்டுமாயின் அவற்றின்மீது வேறொரு வரிசையைச் சாய்வாகக் குறுக்கே இழுக்க வேண்டும். இதுவே குறுக்குக்கோட்டு நிழல். செருமானிய ஓவியர் டியூரர் 1526இல் செப்புத்தகட்டில் செதுக்கிய எராசுமசு உருவத்தில், கன்னமும் ஆடை மடிப்பும் இத்தகைய கோடுகளாலேயே திரண்டு நிற்கின்றன. காந்தியடிகளை நம் ஓவியர் ஆதிமூலம் கோடுகளாலேயே பலவாறு வரைந்திருக்கிறார்.

என் முதல் முயற்சி தோற்றது. கண்கள் தலையுச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில் அமைபவை. நானோ நெற்றியைச் சுருக்கிக் கண்களை மேலே ஏற்றிவிட்டேன். கன்னக்குழியில் கோட்டின்மேல் கோடாக இழுத்ததில் தாள் ஊறிக் கிழிந்தது. அப்பா தறியை நிறுத்தி, தாளை முகத்தருகே கொண்டுசென்று பார்த்தார்.

"ஊடையை இப்படி நெருக்கி அடித்தால் சேலை விறைத்துப்போகும், தம்பி. இழைக்கு இழை இடம் விடு."

ஓவியம் கல்லாதவர் என் பிழையைக் கண்டுகொண்டார்.

மறுநாள் புதிய தாளில் தொடங்கினேன். நெற்றியின் வளைவுக்கேற்பக் கோடுகளை வளைத்தேன். ஒளிபட்ட மூக்குத்தண்டை வெறுந்தாளாகவே விட்டேன். இறுதியில் கண்களுக்கு வந்தேன். கண்மணியே முகத்தில் மிக இருண்ட இடம் என்று ஆசிரியர் கூறியிருந்தார். வலக்கண்ணில் பேனாமுனையை ஊன்றினேன், சரியாக அமைந்தது. இடக்கண்ணில் கை நின்றது. அங்கே கருமை இல்லை. சாம்பல் பூத்தாற்போன்ற வெண்மை இருந்தது. ஒளியின் மயக்கமோ என்று இடம் மாறி அமர்ந்து பார்த்தேன். மாறவில்லை. கற்றதை வரைவதா, கண்டதை வரைவதா? மெல்லிய நான்கு கோடுகளோடு நிறுத்திக்கொண்டேன்.

படத்தைப் பார்த்த அப்பா நெடுநேரம் பேசவில்லை.

"அந்தக் கண்ணில் இழை தெரிந்து ஓராண்டு ஆகிறது. சொன்னால் தறியை நிறுத்தச் சொல்வீர்கள். உன் படிப்பு முடியட்டும் என்றிருந்தேன்" என்றார்.

கண்புரை என்றார் மருத்துவர். அறுவை மருத்துவத்துக்குப் பின், தடித்த மூக்குக்கண்ணாடியுடன் அப்பா மீண்டும் தறியில் அமர்ந்தார்.

அவர் எதிரில் அமர்ந்து நாள்தோறும் உண்டவன் நான். என் தேர்வுகளும் விளையாட்டுமே என் கண்ணை நிறைத்திருந்தன. ஒரு முகத்தைக் கோடு கோடாக வரைய நேர்ந்தபோதுதான் அதை உற்றுப் பார்த்தேன். மாணவர்களே, நீங்களும் ஒருநாள் உங்கள் வீட்டில் ஒருவரை எதிரில் அமர்த்தி வரைந்து பாருங்கள். படம் சரியாக அமையாவிட்டாலும் குற்றமில்லை.

என் படத்துக்கு ஆசிரியர் நூற்றுக்கு அறுபது மதிப்பெண்ணே தந்தார். காது சற்றுக் கீழே இறங்கிவிட்டதாம். அது இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.