ஒட்டு தெரியாத வலை

திரை முழுக்க ஒரே பெரிய படம் பரவியிருக்கிற மாதிரி தெரியும். உண்மையில் அது கைக்குட்டை அளவு சின்னப் படம்தான். அதையே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே போனால் பின்னணி ரெடி. டயல்-அப் இன்டர்நெட் காலத்தில் இதற்கு ரொம்ப மவுசு. சின்ன ஃபைல் ஒன்று இறங்கினால் போதும், பக்கம் முழுக்க நிறைந்துவிடும். பி.காம். பாஷையில் சொன்னால், முதலீடு கம்மி, சரக்கு ஜாஸ்தி :-)

இது ஒன்றும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்த வித்தை இல்லை. காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடி கல்லைப் பாருங்கள். கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்டை ஊற்றிச் செய்கிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைப்பதுதான். சில டிசைனில் ஒரு கல்லில் கால் பூதான் இருக்கும். நாலு கல் சேர்ந்தால்தான் முழுப் பூ. நம் வாசல் கோலமும் அப்படித்தான், சின்னத் துண்டுகள் விதிப்படி சேர்ந்து பெரிதாகிறது. அந்த விதிகளை வைத்து கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974லேயே கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஆய்விதழில் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். படத்தின் வலது ஓரம் இடது ஓரத்தோடும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் கோடு கோடாக ஒட்டு தெரியும். காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம், இலவச கிம்ப் போதும்.

1. படத்தைச் சதுரமாக வெட்டுங்கள். 512-க்கு 512 பிக்சல் வசதி.

2. லேயர் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், அதில் ஆஃப்செட். பாதி அகலம், பாதி உயரம் நகர்த்துங்கள். 'ராப் அரவுண்ட்' தேர்வாகியிருக்கட்டும். போட்டோஷாப்பில் இது ஃபில்டர் மெனுவில் 'அதர்' என்பதற்குள் இருக்கும்.

3. இப்போது நாலு மூலையும் நடுவில் வந்து சேரும். ஒட்டெல்லாம் ஒரு கூட்டல் குறி மாதிரி நடுவில் தெரியும். புது ஓரங்கள் முன்பு நடுவில் ஒட்டியே இருந்தவை, அதனால் தானாகப் பொருந்திவிடும்.

4. குளோன், ஹீல் டூல்களால் கூட்டல் குறியை மட்டும் மறையுங்கள். ஓரத்தைத் தொடாதீர்கள். மறுபடி ஆஃப்செட் போட்டுச் சரிபாருங்கள்.

மணல், துருப்பிடித்த தகரம் எல்லாம் இதில் சுலபமாக வரும். நான் எடுத்தது எண்ணூரில் சித்தப்பாவின் வலை. வலைக்கு இன்னொரு கணக்கு உண்டு. வெட்டுகிற சதுரத்துக்குள் முழு எண்ணிக்கையில் வலைக்கண் இருக்க வேண்டும். ஒரு முடிச்சில் ஆரம்பித்து அதே வரிசையில் இன்னொரு முடிச்சில் முடியுங்கள். அரைக் கண் வந்தால் எந்த டூலும் காப்பாற்றாது. சாய்வாக எடுத்தால் தூரத்துக் கண் சிறுத்துவிடும், அதனால் நேர் மேலிருந்து எடுங்கள். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல் என்றால் திரையில் பட்டை பட்டையாகத் தெரியும். மேகமூட்டமான நாள் உத்தமம்.

எங்கள் துறை விழாவுக்கு 'நம்ம ஊர்' என்று பின்னணி கேட்டார்கள், அதற்குத்தான் இந்த வேலை. படத்தில் ஒரு கருப்புக் கறை இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியதே, அப்போது பட்டது. எத்தனையோ பேருடைய படகும் வலையும் அப்படித்தான் கருத்துப் போயின.

டைல் போடுகிறவர்கள் முதலில் சொல்கிற பாடம், கண்ணை இழுக்கிற எதையும் அழித்துவிடு என்பது. 1920-க்கு 1080 திரையில் 512 பிக்சல் டைல் போட்டால் ஒரே கறை 6 முதல் 12 தடவை வரும். ஹீல் டூலில் நாலு தேய்ப்பு, கறை போய்விட்டது. பிழைப்பு போன மாதங்கள் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை மக்களே. சித்தப்பா திரையைப் பார்த்துவிட்டு, இது யார் வலை என்று கேட்டார்.

அழிக்காமல் விட்டும் பார்த்தேன். அது இன்னும் மோசம். வரிசையாக வந்ததும் கறை புடவைப் புள்ளி மாதிரி அழகாகிவிட்டது! அழித்தால் காணாமல் போகிறது, அடுக்கினால் டிசைன் ஆகிறது. உண்மையில் அந்தக் கறைக்கு ஒரு இடம்தான், ஒரு தேதிதான்.

அதனால் இரண்டையும் பிரித்துவிட்டேன். பின்னணிக்குக் கறை இல்லாத டைல். அதன் மேல் அசல் போட்டோ, ஒரே ஒரு தடவை, வெட்டாமல், கீழே 'எண்ணூர், டிசம்பர் 2023ல் பட்ட கறை' என்ற வரியோடு. விழாவில் பின்னணியை யாரும் கவனிக்கவில்லை. நல்ல பின்னணிக்கு அதுதான் மார்க். போட்டோ பக்கத்தில் மட்டும் நின்று நின்று கேட்டார்கள்.

நீங்களும் உங்கள் தெருவில் ஒன்று எடுத்துச் செய்து பாருங்கள். அசல் படத்தை மட்டும் தனி ஃபோல்டரில் பத்திரமாக வையுங்கள், அதன் மேல் சேவ் பண்ணிவிடாதீர்கள்.