கேட்டுக்கு வெளியே நடந்தாலும்

கல்லூரி கேட்டைத் தாண்டிவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறாதே, தம்பி. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களின் நடத்தை விதிகள் வாடகை வீட்டு விருந்துவரை வந்து எட்டிப் பார்க்கும். சேரும்போது படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்துகிறோமே, அதற்குள்தான் எல்லாம் இருக்கும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1960 பிப்ரவரி 25, அலபாமா மாநிலம் மான்ட்கோமரி. நீதிமன்றக் கட்டடத்து அடித்தளத்தில் ஒரு சிற்றுண்டிச்சாலை. கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை. அலபாமா ஸ்டேட் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்து சாப்பாடு கேட்டார்கள். கடையை மூடிவிட்டார்கள். போலீஸ் வந்து வெளியேற்றியது. பிள்ளைகள் தாழ்வாரத்தில் நின்றார்கள். மார்ச் தொடக்கத்தில், ஆளுநர் ஜான் பேட்டர்சன் தலைமையிலான கல்வி வாரியம் 9 பேரைக் கல்லூரியிலிருந்து நீக்கியது. விசாரணையே இல்லை. வந்த கடிதத்திலும் செய்த குற்றம் இன்னது என்று தெளிவாக இல்லை. பிறகு கோர்ட்டில் கேட்டபோது வாரியத்தார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்!

ரோசா பார்க்ஸுக்காக வாதாடிய ஃபிரெட் கிரே வழக்கை எடுத்தார். கீழ்க்கோர்ட்டில் தோல்வி, 1961 ஆகஸ்டில் மேல்முறையீட்டில் வெற்றி. ஆனால் ஒன்றைக் கவனி. வெளியே நடந்ததைக் கல்லூரி கேட்கவே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அரசுக் கல்லூரி ஒருவனை நீக்குமுன் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், அவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. பார்த்தால் சின்ன விஷயம். அதற்கே கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது.

ஆகவே கூப்பிட்டு அனுப்பினால் பதறிப்போய் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதே. பெரியவர் அதட்டினால் கையெழுத்துப் போடுவது நம் வீட்டுப் பழக்கம். அங்கே அது வாக்குமூலமாகிவிடும். எந்த விதி, எந்த நாள், என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேள். தனியார் பல்கலைக்கழகமென்றால் இந்தத் தீர்ப்பு நேரடியாகக் கை கொடுக்காது. அவர்களுடைய விதிப்புத்தகம்தான் உனக்குப் பிடி. உன் விசாவும் படிப்போடு கட்டியது. நீக்கினால் அதுவும் ஆட்டம் காணும்.

அந்த வழக்கு ஜெயித்ததுதான். அப்படியும் நீக்கிய பதிவு அந்த 9 பேரின் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டது 2018-ல். முதல் கடிதம் வந்த அன்றைக்கே ஒரு வக்கீலைப் பார். மின்னஞ்சல் எதையும் அழிக்காதே.