பாஸைக் கூப்பிட்டார், பாழாய்ப் போனார்!

தோட்டம் என்றால் நாலு ரோஜாத் தொட்டி, ஒரு முருங்கை மரம், மழை பெய்தால் இலவசமாய்த் தவளைச் சத்தம் என்று வளர்ந்தவன் நான். அதனால், பாரிஸில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி, "அத்தான், ஒரு தோட்டம் பார்க்கப் போலாம்" என்றபோது, இதுக்கா இவ்வளவு டிக்கெட் காசு என்றுதான் தோன்றியது.

பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர். பெயர் வோ-லெ-விகோம்த். வாயில் நுழையவே ரெண்டு நாள் ஆச்சு.

கட்டியவர் பிரான்ஸின் நிதி மேற்பார்வையாளர் நிக்கோலா ஃபூக்கே. கட்டடத்துக்கு லெ வோ, உள் அலங்காரத்துக்கு லெ பிரன், தோட்டத்துக்கு லெ நோத்ர். அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார்கள் மூன்று பேரையும் ஒரே படத்தில் 'புக்' பண்ணியிருக்கிறார், மனுஷன்!

மாளிகைப் படியில் நின்று பார்த்தால் கத்திரித்த புல்வெளி, குளங்கள், கடைசியில் ஒரு குகை எல்லாம் ஒரே தளத்தில், அடுத்தடுத்து இருப்பதாகத் தெரிகிறது. இதோ, எட்டினால் தொட்டுவிடலாம். நடந்தால்தான் விஷயம் புரியும். குகைக்கு முன்னால் திடீரென்று பள்ளத்தில் ஒரு கால்வாய், நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்! சுற்றிக்கொண்டுதான் போகணும். பாலன்ஸ் ஷீட்டில் அடிக்குறிப்புக்குள் ஒளிந்திருக்கும் கடன் மாதிரி. தூரத்துக் குளங்களைப் பெரிதாக வெட்டிக் கண்ணை ஏமாற்றியிருக்கிறார் லெ நோத்ர்.

1661 ஆகஸ்ட் 17-ம் தேதி, ஃபூக்கே தன் பாஸை விருந்துக்கு அழைத்தார். பாஸ் என்றால் பதினான்காம் லூயி, வயசு 22. மோலியேரின் புது நாடகம், வாணவேடிக்கை, நீரூற்று... ராஜா வீட்டிலேயே இவ்வளவு கிடையாது. பத்தொன்பதாவது நாள், செப்டம்பர் 5, ஃபூக்கே கைது. அன்றைக்கு ராஜாவுக்குப் பிறந்த நாள் வேறு!

விருந்தால்தான் மாட்டினார் என்பார்கள். பி.காம். படித்தவன் நான், எனக்கு வவுச்சர் வேணும். கைது பண்ணும் முடிவு விருந்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. சாதாரண விசாரணையிலிருந்து காப்பாற்றக்கூடிய ஒரு பதவி அவரிடம் இருந்தது. அதையும் நைசாக விற்க வைத்தார்கள். பின்னாலிருந்து ஃபைல் தயாரித்தவர் கொல்பேர். இவர் முன்பு மஸாரன் என்ற மந்திரியின் சொத்தைக் கவனித்தவர். மஸாரன் சேர்த்தது ஃபூக்கே சேர்த்ததைவிடப் பெரிசு. அதை யாரும் ஆடிட் பண்ணவில்லை. நம் பாண்டிச்சேரிக்குக் கப்பல் விட்ட பிரெஞ்சுக் கம்பெனியை 1664-ல் தொடங்கியதும் இதே கொல்பேர்தான்.

என் அப்பா ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்டன்ட். நான் ஆறாவது படிக்கும்போது லோன் போட்டு ஸ்கூட்டர் வாங்கினார். ஆபீசுக்கு ஒரு தெரு முன்னாலேயே டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு நடந்து போவார். "முதலாளி கண்ணுல பட்டா, கேஷ் புக்கைக் கேப்பார்டா." ஒரு பைசா தப்பில்லாத மனுஷருக்கே அந்தப் பயம். ஃபூக்கே கையில் ஊர்ப்பணமும் சொந்தப் பணமும் கலந்தே கிடந்தது. அவருக்குப் பயமே இல்லை! எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

மூன்று வருஷ விசாரணை. கோர்ட் சொன்னது நாடு கடத்தல். தண்டனையைக் குறைக்கிற ராஜாக்கள் உண்டு, லூயி கூட்டினார்: ஆயுள் சிறை. 1680-ல் சிறையிலேயே இறந்தார் ஃபூக்கே. ஆரஞ்சு மரங்களையும், அந்த மூன்று கலைஞர்களையும் ராஜாவே எடுத்துக்கொண்டு வெர்சாயை இழைத்தார்.

இங்கே தோட்டம் காடானது. 1875-ல் சோமியே என்ற சர்க்கரை ஆலை முதலாளி ஏலத்தில் எடுத்து, பழையபடி உயிர் கொடுத்தார். 1968-லிருந்து டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம். 1979-ல் வெளியான 'மூன்ரேக்கர்' படத்துக்காக ஜேம்ஸ்பாண்ட் கூட வந்து போனார்.

கோடையில் சனிக்கிழமை ராத்திரிகளில் ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். பாஸையும் கூட்டிப் போகலாம். அவர் டிக்கெட்டை மட்டும் அவரே வாங்கட்டும்.