பச்சை குத்திக்கிட்ட மனுஷன்

ரெண்டு தடவை எழுதி அழிச்ச பதிவு இது. பச்சைன்னதும் இரட்டை இலையைத் தேடி வந்தவங்க மன்னிக்கணும். இது கட்சித் தொண்டர் கதை இல்லை, ஒரு நீலப்பட நடிகரோட கதை. முகம் சுளிக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. நானும் சுளிச்சவன்தான்.

போன மாசம் ஒரு ராத்திரி ஆபீஸ்ல பில்ட் ஓடிக்கிட்டிருந்தது. அது முடியுற வரைக்கும், எய்ட்ஸ் வந்த புதுசுல அமெரிக்காவுல என்னதான் நடந்ததுன்னு மேய்ஞ்சுக்கிட்டிருந்தேன். 1986 மார்ச்சில், வில்லியம் பக்லின்னு அங்கே ரொம்பப் பிரபலமான ஒரு பத்தி எழுத்தாளர் நியூயார்க் டைம்ஸ்ல ஒரு யோசனை சொல்லியிருக்கார். நோய் இருக்குன்னு தெரிஞ்ச எல்லாருக்கும் முன்கையிலயும் பிட்டத்திலயும் பச்சை குத்தணுமாம். மத்தவங்களைக் காப்பாத்தத்தான்! சந்தைக்குப் போற ஆட்டுக்கு அடையாளம் போடுற மாதிரி. படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு.

அங்கேருந்து ஒவ்வொரு பக்கமா தாவிப் போனப்போ கண்ணுல பட்டவர்தான் ஸ்காட் ஓஹாரா. 1961ல் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தவர். 80களில் சான் பிரான்சிஸ்கோவில், ஆண்களை விரும்பும் ஆண்களுக்காக எடுத்த படங்களில் பெரிய நட்சத்திரம். எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அதை அவர் மறைக்கலை. 'எச்.ஐ.வி. பாசிடிவ்'னு தன் கையில தானே பச்சை குத்திக்கிட்டார்!

பக்லி கேட்டதும் பச்சைதான், ஓஹாரா குத்திக்கிட்டதும் பச்சைதான். ஆனா ஒண்ணு அடுத்தவன் போடுற முத்திரை, இன்னொண்ணு தானே போட்ட கையெழுத்து. ஊசி ஒண்ணா இருந்தா என்ன, பிடிச்ச கை யாரோடதுங்கிறதுதானே விஷயம்.

அவரோட மத்த வேலைகளும் இதே ரகம்தான். படத்துல கேமரா எதைக் காட்டுச்சோ அதுதான் அவர். 1993ல் 'ஸ்டீம்'னு ஒரு காலாண்டிதழ் ஆரம்பிச்சார். சுத்தி இருந்தவங்க கொத்துக் கொத்தா செத்துக்கிட்டிருந்த காலம் அது. உயிரைக் காப்பாத்துற கூட்டு மருந்து சிகிச்சை 1996லதான் வந்தது. காமம்னாலே சாவுன்னு எல்லாரும் பயந்துபோயிருந்தப்போ, அதைப் பத்தி வெட்கப்படாம பேச ஒரு பத்திரிகை. அவரே எழுதினார், வாசகர்களையும் அவங்கவங்க அனுபவத்தை எழுத வெச்சார். 1997ல் 'ஆட்டோபோர்னோகிராஃபி'ங்கிற பேர்ல தன் வாழ்க்கையை எழுதினார். அடுத்த வருஷம் பிப்ரவரியில் இறந்துட்டார். வயசு 36. கட்டுரைத் தொகுப்பு ஒண்ணு 1999ல், அவர் போனதுக்கப்புறம் வந்தது.

உடனே அவரைத் தெய்வமாக்கிடாதீங்க. 1995ல் தன் பத்திரிகையிலேயே, இனிமே ஆணுறை போடப்போறதில்லைன்னு பகிரங்கமா எழுதினார். பெரிய சண்டையாச்சு. சண்டை போட்டவங்க பக்கம்தான் நானும். அத்தனை சாவு விழுந்துக்கிட்டிருந்தப்போ அப்படி எழுதினது எனக்கு ஒப்பலை. ஆனா நான் அவர்கூட மல்லுக்கட்ட முடியுதுன்னா, அவர் தன் பேரைப் போட்டு எழுதிவெச்சதாலதான். மத்த நடிகர்களைப் பத்தி என்கிட்ட கிசுகிசு மட்டும்தான் இருக்கு. இவர்கிட்ட வாக்குமூலமே இருக்கு.

சரி, இதை ஏன் நான் எழுதணும்?

இன்ஜினியரிங் கடைசி வருஷம், ஹாஸ்டல் மொட்டைமாடி. என் ரூம்மேட் ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு, "மச்சி, எனக்குப் பொண்ணுங்க மேல இன்ட்ரெஸ்ட் வரலைடா. பசங்க மேலதான்"னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா கலாய்க்காதடா, வா மெஸ்ஸை மூடிடுவான்."

அவ்வளவுதான். அவனும் சிரிச்சான். போய் தோசை சாப்பிட்டோம். அதுக்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் அவனைத் திட்டலை, யார்கிட்டயும் சொல்லலை, அதனால நான் நல்லவன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். எத்தனை நாள் ஒத்திகை பார்த்துட்டு அவன் அந்த ஒரு வரியைச் சொன்னானோ! அதை 'சும்மா'ன்னு ஒரே வார்த்தையில அழிச்சிட்டேன். பக்லி முத்திரை குத்தப் பார்த்தார். நான் அவன் போட்ட கையெழுத்தை ரப்பர் வெச்சு அழிச்சேன். பெரிய வித்தியாசம் இருக்கிறதா தெரியலை. கையில பச்சையா குத்திக்கிட்டா யாரும் 'சும்மா சொல்றே'ன்னு சொல்ல முடியாதுல்ல?

இத்தனைக்கும் இந்தப் பதிவையே நான் புனைபெயர்லதான் எழுதுறேன். சொந்தப் பேர்ல எழுத அவ்வளவு தைரியம் கிடையாது.

போன வாரம் அவனுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். "அன்னிக்கு மாடியில நீ சொன்னது கேட்டுச்சுடா. ஸாரி." ரெண்டு டிக்கும் நீலமாச்சு. ரெண்டு நாள் சத்தமே இல்லை. பொட்டி தட்டவே ஓடலை.

மூணாவது நாள் பதில் வந்துச்சு: "காதுல விழ ஏழு வருஷமாடா எருமை?"

டிஸ்கி: அவன்கிட்ட காட்டி, சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் இதைப் போடுறேன்.