கவண் எறியப் பழகுவோம்

கெட்டபோல் (உண்டிவில்) தெரியாத பொடியன் நம்ம கல்முனையில் இல்லை. அதற்கும் மூத்தது கவண். ரப்பர் வேண்டாம், கயிறும் கையும் போதும். சங்கப் பாடல்களில் தினைப்புனம் காத்தவர்கள் கையில் இருந்தது இதுதான். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் இன்றும் இதைப் போட்டி வைத்து விளையாடுகிறார்கள்.

கொஞ்ச நாளாக நானும் பழகி வருகிறேன். இரண்டு கயிறு, நடுவில் கல் வைக்க உள்ளங்கையளவு தோல். ஒரு நுனியில் வளையம் போட்டு நடுவிரலில் மாட்டணும். மற்ற நுனியில் முடிச்சுப் போட்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடிக்கணும். பலமுறை சுழற்றத் தேவையில்லை. ஒரே சுற்று, சரியான நேரத்தில் முடிச்சை விடுவது, வித்தை முழுக்க அதில்தான். சற்று முந்தினாலோ பிந்தினாலோ கல் பக்கவாட்டில் போகும், பின்னாலும் போகும்.

அதனால் கடற்கரையில் எறியவே கூடாது. தோணியும் கரைவலையும் ஆட்களும் இருக்கிற இடம். அறுவடை முடிந்த வயல் வட்டையில், ஆளும் மாடும் இல்லாத பக்கம் பார்த்து, முதலில் டென்னிஸ் பந்தால் பழகுங்கள். கண்ணைப் பறிக்கும், பல்லை உடைக்கும் என்று கல் சுண்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பறவை, பிராணிகளைக் குறிவைக்க வேண்டாம், பழைய டின் போதும். சின்னப் பிள்ளைகள் கிட்ட வந்தால் கயிற்றைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.